பொத்தான் பிரியரின் மூன்றாம் தேர்வு

இயந்திரங்களின் பொத்தான்கள் மேல் உயிரையே விடும் பொத்தான் பிரியர்கள் என்று ஓர் இனம் உண்டு. எங்கும் திரிவார்கள். ஆனால் முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டுமென்றால், சின்ன விமானத்தில் மேகத்துக்குள் பறக்கப் பழகும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உட்காரும் விமானம், முன்னால் இரண்டு பெரிய திரைகள். மேகத்துக்குள் இருப்பதுபோல, வெளியே எட்டிப் பார்க்காதபடி நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். திரைகளை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். டாக்டருக்கு ஒரே கொண்டாட்டம். மழையைப் பச்சையில் காட்டுவது எப்படி, மலையைச் சிவப்பில் காட்டுவது எப்படி, எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கையேட்டைக் கரைத்துக் குடித்து, வாயைத் திறந்தபடி நாற்காலியில் கிடக்கும் நோயாளிகளிடமெல்லாம் விளக்கித் தீர்த்தவர். அவர்களால் மறுத்துப் பேச முடியுமா? விமானம் இப்போது என்ன செய்கிறது என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

இரண்டு முறை தேர்வில் தோற்றாயிற்று. மூன்றாவதற்குக் கிளம்பும்போது மனைவி சொன்னார்:

“இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா, பறக்கற பேச்சே இந்த வீட்டுல கூடாது. சொல்லிட்டேன்.”



தேர்வாளர் அம்மையார் பக்கத்தில் ஏறினார். மேலே போனதும் மறைப்பை மாட்டிக்கொண்டு, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் வழியைத் திரையில் வரைந்தார், விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட்டை அமுக்கினார், சாய்ந்துகொண்டார். வரைந்த வழியில் போகச் சொல்ல ஒரு பொத்தான். விமானத்தின் மூக்கு பார்த்த திசையிலேயே போகச் சொல்ல இன்னொன்று. அவர் அமுக்கியது இரண்டாவதை.

“பாருங்க மேடம், இதைத் திருகினா மழைகூடத் தெரியும்.”

“சரி, இப்ப நாம எங்க போறோம்?”

“ஓடுபாதைக்குத்தான்!”

“திரும்ப வேண்டிய இடம் தாண்டி ரெண்டு நிமிஷம் ஆச்சு, டாக்டர்.”

டாக்டர் மறைப்பைக் கழற்றினார். கீழே ஓர் ஏரி கிடந்தது. மூன்றாவது தேர்வும் போயிற்று; மனிதர் அழாத குறைதான். எந்தப் பொத்தான் வேலை செய்கிறது என்று திரை முழுநேரமும் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்த எழுத்தைப் பெரிதாக்கி வைத்தவரும் அவரே.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். பதினாறு வகைச் சலவையும் அத்துப்படியான ஒருவர், போன வாரம் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால், தண்ணீர்க் குழாயைத் திறக்காமலே ஒரு மணி நேரம் காத்திருந்தாராமே. யார் என்று உங்களை நான் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.