ஏறாத சைக்கிள்

அரியலூரில் மட்டுமல்ல, ஈரேழு பதினாலு லோகத்திலும், சொந்தச் சைக்கிள் வைத்துக்கொண்டு நான்கு வருஷம் அதில் ஏறாமலே இருந்த மனிதர் ஒருவர்தான். எங்கள் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி குமாஸ்தா. ஊர் வைத்த பெயர் 'தள்ளுவண்டி'.

சைக்கிள் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. தினமும் துடைப்பார், எண்ணெய் போடுவார், காற்றடிப்பார். பிறகு ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஆபீசுக்கு நடந்து வருவார். கூடவே நானும் நடப்பேன்.

"ஏறித்தான் பாருங்களேன் சார்" என்றால், "நமக்கு ஒடம்பு நிக்காதுங்க" என்பார்.

ஆறு வயதில் எருமை மேலிருந்து விழுந்தாராம். "இவனுக்கு ஒடம்பு நிக்காதுடா" என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். மாமன் சொன்னது ஒரே ஒரு தடவை. இவர் அதையே இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊஞ்சலில் உட்கார மாட்டார். ஏணியைக் கண்டால் வேறு தெருவில் போவார். ஆபீசில் மேல் அலமாரிக் கட்டுகளை நான்தான் எடுத்துத் தர வேண்டும்.

"எரும முரட்டு எருமையா இருந்திருக்கலாமே சார்?" என்று கேட்டேன்.

"சேச்சே, நல்ல எருமைங்க" என்றார் வருத்தத்தோடு.

யுத்தகாலத்தில் ஒரு நாள் பெரம்பலூரில் அவர் மாமனார் வீட்டு விசேஷம். என்னையும் அழைத்துக்கொண்டார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ். அதன் கூரையில் சைக்கிள்.

"இது எதுக்கு சார்?"

"மாமனார் கேப்பாருல்ல? தெருமுனை வரைக்கும் ஓட்டியாந்து எறங்குன மாதிரி, தள்ளிக்கிட்டே போயிடுவேன்."

ஒரு மேட்டில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. இறங்கித் தள்ளினோம். அப்போதுதான் உள்ளே அலறல் கேட்டது. நிறைமாதக்காரி ஒருத்தி தன் தாயோடு வந்திருந்தாள். மருத்துவச்சி இருந்த ஊரோ, பின்னால் சரிவு முடியும் இடத்தில், இரண்டு மைல் தள்ளி.

கண்டக்டர் சைக்கிளை இறக்கினார். "ஆருக்குங்க வுடத் தெரியும்?"

ஒருவருக்கும் தெரியாது.

"வண்டி ஆருதுங்க?"

"என்னுதுதான். ஆனா நமக்கு ஒடம்பு நிக்காதுங்க."

ஜன்னலிலிருந்து அந்தப் பெண் கத்தினாள்: "வுழுந்து எந்திரிச்சாவது போங்கய்யா! எனக்கு உசுரே நிக்காது போலருக்கு!"

தள்ளுவண்டி சைக்கிளைத் திருப்பினார். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓட ஆரம்பித்தார். சைக்கிள் அவரைவிட வேகமாக ஓடியது. ஒன்று, கையை விட வேண்டும். இல்லை, ஏற வேண்டும். நான்கு வருஷத்தில் அவர் கையை விட்டதே கிடையாது. ஏறிவிட்டார். வேட்டி பறக்க, நிமிர்ந்த முதுகோடு வளைவில் மறைந்தார். தள்ளித் தள்ளியே கைகள் வண்டியைப் பழகியிருந்தன. அது ஊரில் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மீதியை மருத்துவச்சி சொல்லித்தான் அறிந்தோம். மனிதர் அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாராம்.

"பஸ்ஸுல பிரசவம்! வாங்கம்மா!"

"எறங்கித்தான் சொல்லேன்யா!"

"எறங்கத் தெரியாதும்மா!"

அவள் மாட்டு வண்டி பூட்டிக் கிளம்பும் வரை சுற்றியவர், கடைசியில் வைக்கோல் போரில் போய் முட்டித்தான் நின்றார்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. தலையெல்லாம் வைக்கோலாக அவரும் அதிலேயே வந்தார். சற்று நேரத்தில் பஸ்ஸுக்குள் குழந்தை வீரிட்டது. "பொம்பளப் புள்ள! ரெண்டு உசுரும் நல்லாருக்கு!" என்றாள் மருத்துவச்சி. இவர் சாலையோரம் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

"என்ன சார் இது?"

"மாமா ஏதோ கோவத்துல சொல்லியிருப்பாருங்க. நெசந்தானான்னு நான் ஒரு நாளும் பாக்கவே இல்லியே."

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஏணி வைத்து ஆபீஸ் கூரை வரை ஏறினார், அங்கே ஒரு வேலையும் இல்லாமலே. காலையில் சைக்கிளில் சர்ரென்று போய்விடுவார். நான் தனியாக நடந்தேன். அவரை நினைத்துச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த வழி ரொம்ப நீளமாகிவிட்டது.

ஒரு நாள் பக்கத்தில் வந்து உரசி நின்றார். "பின்னால ஏறுங்க சார்."

"ரெண்டு பேரைத் தாங்குமா?"

"ஏறித்தான் பாத்துருவோமே!"

ஏரிக்கரை வரை தாங்கியது. பிறகு இருவரும் சேற்றில் கிடந்தோம். எழுந்திருக்கவே தோன்றாமல் அப்படிச் சிரித்தோம். அன்று கிழிந்த வேட்டியைத் தூக்கிப் போடச் சொல்லி என் மனைவி இன்றும் சண்டை பிடிக்கிறாள். துவைத்து, மடித்து, பெட்டியில் வைத்திருக்கிறேன்.