எதிர்வீட்டுக்கு ஓர் ஓட்டுநர் உரிமம்

சாலை என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கு என்று நினைப்பவர்கள் பாமரர்கள். சாலை என்பது அகலமாவதற்கு. இந்தப் பேருண்மையை உலகுக்கு உணர்த்திய ஊர், ஜகார்த்தாவுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சுகமாஜு. பெயருக்கே 'முன்னேற்ற விரும்பி' என்றுதான் பொருள். எங்கள் பெருஞ்சாலை முதலில் இரண்டு தடமாக இருந்தது. பிறகு நாலாகி, ஆறாகி, இப்போது எட்டாகி நிற்கிறது. நடுவில் நெஞ்சளவுக்கு ஒரு சுவர். ஜனங்கள் குறுக்கே நடந்து வாகனங்களின் மனத்தைப் புண்படுத்தக் கூடாதல்லவா? அதனால் சுவரில் ஓர் இடைவெளிகூட விடப்படவில்லை, மேலே ஒரு நடைபாலமும் போடப்படவில்லை.

இத்தனையும் ஒரே மனிதரின் கைவண்ணம். சாலை விரிவுப் பிரிவின் துணைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பாக் ஹரியாடிதான் அவர். எங்கள் ஊரில் 'பாக்' என்றால் ஐயா, 'இபு' என்றால் அம்மா. வாழ்நாள் முழுவதும் சாலைக்காகவே உழைத்தவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை அவர் குறையாக நினைத்ததும் இல்லை. அலுவலகம் டிரைவரோடு வண்டி கொடுத்திருந்தது. பின் இருக்கையில் கோப்பு பார்த்தபடி போய்வந்தார். சாலையை அவர் பார்த்ததெல்லாம் வரைபடத்தில்தான். வரைபடத்தில் அது மிக அழகாக இருந்தது.

ஓய்வு பெற்றதும் வண்டி போயிற்று. சில வாரங்களில் முதல் பேரன் பிறந்தான்.

மகள் லாராஸின் வீடு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம். பிரசவத்துக்குத் துணையாகப் போன மனைவி இபு எந்தாங் அங்கேயே தங்கிவிட்டார். நாற்பது நாள் ஆகும்வரை குழந்தையைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவரக் கூடாது என்பது வழக்கம். அதன் பிறகும் கைக்குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியுமா? தினமும் சாயங்காலம் அவர் கேட்டுக்கு உள்ளே நின்று பேரனைத் தூக்கிக் காட்டுவார். பாக் ஹரியாடி மாடியில் நின்று பார்ப்பார். ஒரு பேருந்துக்கும் அடுத்த பேருந்துக்கும் நடுவே பேரன் தெரிவான். முகம்தான் தெரியாது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பீமாவுக்கு அப்படியே உங்க மூக்கு," என்றார் எந்தாங், போனில்.

"சப்பையாவா இருக்கு?"

"வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

எப்படிப் போவது? மூன்று கிலோமீட்டர் போய், திருப்பத்தில் திரும்பி, மூன்று கிலோமீட்டர் வர வேண்டும். ஊரே மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு அப்படித்தான் போகிறது. இவருக்கோ முதுகெலும்பில் வட்டு விலகியிருந்ததால் டாக்டர் இருசக்கர வாகனம் கூடாது என்றுவிட்டார். வாடகைக் காரைக் கூப்பிட்டார். வந்தவர் போகவேண்டிய இடத்தைப் பார்த்துச் சிரித்தார். "எதிர்லதானே பாக், நடந்தே போயிடலாமே," என்று சவாரியை ரத்து செய்தார். அடுத்தவரும் அதே சிரிப்பைச் சிரித்தார். அந்தச் சாலையை நடந்து கடப்பது எவ்வளவு அசாத்தியம் என்பதை அதை அசாத்தியமாக்கியவரிடமே விளக்கத் தேவையில்லை. ஆகவே பாக் ஹரியாடி, எதிர்வீட்டுக்குப் போவதற்காக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். ஓட்டுநர் பயிற்சியிலும் சேர்ந்தார்.

பயிற்சி ஆசிரியை இபு யாயுக் முன்பு ஷேர் வேன் ஓட்டியவர். வறுத்த டோஃபுவையும் பச்சை மிளகாயையும் மாற்றி மாற்றிக் கடித்தபடிதான் பாடம் நடத்துவார். மாணவரோ போக்குவரத்து விதிப் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கக் கூடியவர்.

"முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடம் விடணும்?" என்று கேட்டார் யாயுக்.

"மூணு நொடி தூரம். புத்தகத்துல இருக்கு."

"அவ்வளவு விட்டா நடுவுல ஒருத்தன் டோஃபு கடை போட்டுருவான். ஒட்டிப் போங்க. ஹாரன் அடிங்க."

"எதுக்கு? முன்னாடி யாரும் குறுக்க வரலையே."

"வரலாம்னு யாருக்கும் தோணிடக் கூடாதுல்ல."

திருப்பம் வந்தது. வலப்பக்கம் திரும்ப வேண்டும். பாக் ஹரியாடி முறைப்படி வலப்பக்க விளக்கைப் போட்டார். அவ்வளவுதான், பின்னால் தூங்கி வழிந்துகொண்டு வந்த வண்டிகளெல்லாம் விழித்தெழுந்து வேகமாக வந்து வழியை அடைத்தன. மோட்டார் சைக்கிள்கள் நெத்திலிக் கூட்டம் போல இரண்டு பக்கமும் பாய்ந்தன.

"நம்ம மனசுல இருக்கறத ஏன் பாக் ஊருக்கெல்லாம் சொல்றீங்க? இடது பக்கம் போடுங்க."

"நான் வலது பக்கம்ல திரும்பணும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். வலது போட்டா முந்திக்கிட்டு வருவான். இடது போட்டுட்டு வலது திரும்பினா குழம்பிப் போயிடுவான். குழம்பினவன்தான் பிரேக் போடுவான்."

"இது சட்டவிரோதம், இபு."

"சட்டம் பரீட்சைக்கு. நான் ரோட்டுக்கு."

கல்வி என்பது மனிதனை உயர்த்துகிறது என்பதற்கு பாக் ஹரியாடியே சான்று. முதல் வாரம் உரசிப் போனவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டார். இரண்டாம் வாரம் கேட்பதை நிறுத்தினார். மூன்றாம் வாரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒரு மினிபஸ் ஓட்டுநரிடம், "கண்ணை எந்தக் கடையில அடகு வச்சே?" என்று விசாரித்தார். இத்தனை கால அலுவலகக் கூட்டங்களில் ஒருநாளும் அவருக்கு வாய்க்காத சரளம் அது. யாயுக் பாதி டோஃபுவை அவருக்குக் கொடுத்தார்.

தேர்வு நாள் வந்தது. தேர்வுத் திடலில் யாரோ மேலதிகாரி வீட்டுக் கல்யாணப் பந்தல் போட்டிருந்ததால், "பொதுநலன் கருதி" தேர்வு சாலையிலேயே நடக்கும் என்று அறிவித்தார்கள். தேர்வாளர் சார்ஜென்ட் தும்பால் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய கண் பந்தலின் மேலேயே இருந்தது.

பாக் ஹரியாடி புத்தகப்படியே ஓட்டினார். திருப்பத்தில் வலப்பக்க விளக்கைப் போட்டுக் காத்திருந்தார். ஒருவரும் வழிவிடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஹாரன்கள் ஓலமிட்டன. இன்றைக்குத் தோற்றால் அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பீமா குப்புற விழுந்திருப்பான், சிரித்திருப்பான், மூக்கும் மாறிப்போயிருக்கும்.

"பாக், கல்யாணப் பந்தியில 'ரெண்டாங்' மாட்டுக்கறி தீர்ந்துடும்," என்றார் சார்ஜென்ட்.

"விதிப்படி எதிர்ல வர்றவங்களுக்கு முன்னுரிமை, ஐயா."

"எனக்குப் பசிக்குது. உங்க விதிக்குப் பசிக்காது."

பாக் ஹரியாடி ஒரு முடிவுக்கு வந்தார். இடப்பக்க விளக்கைப் போட்டார். கடவுளை நினைத்துக்கொண்டு வலப்பக்கம் வெட்டித் திருப்பினார். எட்டுத் தடமும் ஒரு கணம் வாயடைத்து நின்றது.

சார்ஜென்ட் தேர்வுத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: "என் வீட்டுக்காரியும் இப்படித்தான் ஓட்டுறா. இதுவரைக்கும் ஒருத்தன்கூட அவ மேல மோதினதில்ல. பாஸ்."

மறுநாள் காலை பாக் ஹரியாடி பூப்போட்ட பாத்திக் சட்டை அணிந்து, பேரனுக்கு ஒரு கிலுகிலுப்பையோடு தன்னந்தனியாகக் கிளம்பினார். மூன்று கிலோமீட்டர், திருப்பம், மறுபடி மூன்று கிலோமீட்டர். அதோ லாராஸின் வீடு. கேட்டுக்குள் எந்தாங், கையில் பீமா. பாக் ஹரியாடி பிரேக்கை மிதிக்கப் போனார். பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. யாயுக் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. வீடு பின்னால் போய்விட்டது.

அந்த வீட்டுக்கு முன்பெல்லாம் கார் நிறுத்த ஒரு முற்றம் இருந்தது. ஆறு தடம் எட்டானபோது அது சாலைக்குள் போயிற்று. வரைபடத்தில் அது ஒரு மெல்லிய சிவப்புக் கோடுதான்.

சுற்றி வந்தார். "நிறுத்துங்களேன்," என்றார் எந்தாங். "விட மாட்டேங்கறாங்க," என்றபடி கடந்தார். மறுபடி சுற்றி வந்தார். இந்தத் தடவை மூக்கு தெரிந்தது. சப்பைதான். கண்ணில் நீர் தளும்பியதால் மற்றதைப் பார்க்க முடியவில்லை. அதைப் பார்க்க இன்னொரு சுற்று.

கேட்டுக்குப் பக்கத்தில், சாக்கடை மூடியின் மேல் குடை விரித்து, விரிவுப் பிரிவின் ஊழியர்கள் இருவர் வாகனம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுக்கும் எந்தாங்குக்கும் நடந்த பேச்சு துண்டு துண்டாக அவர் காதில் விழுந்தது.

"ஏம்பா, அந்த வெள்ளைக் காரைக் கொஞ்சம் நிறுத்தேன்."

"நிறுத்த அதிகாரமில்ல இபு. எண்ணத்தான்."

"ஒரே காரையே எத்தனை வாட்டி எண்ணுவே?"

"வந்ததையெல்லாம் எண்ணணும் இபு. ஹரியாடி ஐயா போட்ட முறை."

பாக் ஹரியாடி உச்சிவெயில் வரை சுற்றினார். அப்புறமும் தினமும் சுற்றினார். ஆய்வறிக்கை வந்தது. அந்தப் பகுதியில் கார்கள் "வியக்கத்தக்க அளவில்" பெருகிவிட்டன. சாலையைப் பத்துத் தடமாக்குவது தவிர வேறு வழியில்லை. அந்தப் பக்கத்து வீட்டு வரிசையை அகற்ற வேண்டும்.

ஒரு நிபுணர் மனம் வைத்தால் தீராத பிரச்சினை உண்டா? வீடு இடிந்த அன்றே லாராஸ் குழந்தையோடு அப்பாவின் மாடிக்குக் குடிவந்துவிட்டாள். இப்போது பேரனைப் பார்க்க அவர் எந்தச் சாலையையும் கடக்க வேண்டியதில்லை, மடியிலேயே கிடக்கிறான். இடிந்த வரிசையில் இருந்த மற்றவர்களுக்கும் பிரச்சினை இப்படியே தீர்ந்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் மாடிவீடு வைத்திருக்கும் அப்பாக்கள்தான் அவர்களுக்கு இல்லை.