மூன்றாம் குழுவின் டப்பா

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நலம் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தின் எலி அறைக்குள் நீ போன் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் இந்தக் கடிதத்தை உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆய்வுக்கூடத்து மிக்ஸி ரிப்பேர் என்று எலித்தீனியை என் மிக்ஸியில் அரைத்து, என் நீலமூடி டப்பாக்கள் மூன்றில் அடைத்துக்கொண்டு போனாயே, பக்கத்திலேயே பாப்பாவின் கஞ்சிமாவும் நீலமூடி டப்பாவில்தான் இருந்தது. மூடி மாறிப்போகும் என்று நீ எப்போதும் அடியில்தானே சீட்டு ஒட்டுவாய்? இன்று காலை டப்பாவைத் தூக்கித் துடைத்தால், அடியில் உன் கையெழுத்து: 'குழு 3'. ஆறு நாளாகப் பத்து மாதக் குழந்தைக்கு அதைத்தான் காய்ச்சி ஊட்டியிருக்கிறேன். ஜலதோஷத்தில் எனக்கு வாசனையும் தெரியவில்லை.

அன்று அரைத்துக்கொண்டே என்ன சொன்னாய்? "அமினோ அமிலமெல்லாம் ஒரு அளவா இருக்கணும்க்கா. மூணாம் குழுவுக்கு ஒண்ணைக் குறைச்சு மத்ததைக் கூட்டிட்டேன். ரெண்டே நாள்ல எலி தட்டைத் திரும்பிப் பாக்காது, ஈரல்ல நொதியெல்லாம் தாறுமாறாயிடும்." நான் எலிக்காகப் பாவப்பட்டேன். பாப்பா இரண்டாம் நாளிலிருந்தே கரண்டியைத் தட்டிவிடுகிறாள். பல் முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தாவரவியல் படித்த எனக்கு ஈரலைப் பற்றி என்ன தெரியும்?

நேற்று போனில் நீ குதித்தாய்: "மூணாம் குழு தட்டை நக்கி வெக்குதுக்கா, நொதியும் சரியான தீனி தின்ன ஒண்ணாம் குழு மாதிரியே இருக்கு, பேராசிரியரே அசந்துட்டாரு, வியாழக்கிழமை கருத்தரங்குல பேசச் சொல்லிட்டாரு." எலி தாங்கும், பாப்பா தாங்குவாளா? பதினொரு மணிக்கு டாக்டரிடம் போகிறோம். என்ன கொடுத்தீங்க என்று கேட்டால் எந்த வாயால் சொல்வேன்? என்னென்ன போட்டாய் என்று எழுதி மாமாவிடமே கொடு.

நீ பட்டம் வாங்கி, நல்ல வேலையும் சொந்தமாக ஒரு மிக்ஸியும் அமைந்து நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உன் அக்கா

பி.கு.: கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த உன் மாமா உண்மையை உடைத்துவிட்டார். "அவ அதை முழுங்கவே இல்லம்மா. முதல் நாளே நான் ஒரு வாய் வெச்சுப் பாத்தேன், சகிக்கல. உன் கைப்பக்குவம்னு நெனச்சு வாயத் திறக்கல. நீ குளிக்கப் போனதும் தினமும் அப்பாவும் பொண்ணுமா உக்காந்து, வாழைப்பழம் மசிச்சுக் குடுத்துட்டேன்." எடை போட்டோம், நூறு கிராம் கூடியிருக்கிறாள். டாக்டரிடம் எதற்கும் காட்டிவிடுகிறேன். நீ பட்டியல் மட்டும் கொடு, பயப்படாதே.

பயப்பட வேண்டியது வேறு. மூன்றாம் குழுவின் டப்பா இங்கே இருக்கிறதென்றால், உன் எலிகள் நக்கியது என் கஞ்சிமாவை. அரிசியில் குறைகிற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது என்று நீ சொன்னதற்காக இரண்டையும் தனித்தனியாக வறுத்து, இருமுறை சலித்தது. வியாழனுக்கு முன் பேராசிரியரிடம் சொல்லிவிடு. என் சமையலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவர்கள் உன் எலிகள்தான் என்று உன் மாமாவிடமும் ஒரு வார்த்தை சொல்.