மணியடிக்கும் சொல்தா

எனக்குப் பேயைப் பிடிக்காது. பேய் இருக்கிறது என்பவர்களை அதைவிடப் பிடிக்காது. ஆனால் எங்கள் தெருவில் இன்றைக்கும் யார் வீட்டிலாவது பாத்திரம் தானாக உருண்டால் முதலில் எனக்குத்தான் போன் வரும். இந்த அவமானத்தை நானேதான் சம்பாதித்தேன். எப்படி என்று நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாகச் சொல்வார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்பா கிரில் பட்டறை வைத்திருந்தார். நான் பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. அதனால் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். (இயற்பியல் படித்தவளுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள், ராக்கெட் விடவா கூப்பிடுவார்கள்?)

சம்பளம் கொஞ்சம் ஏறியதும் வீட்டுக்கு ஒரு வயர்லெஸ் காலிங் பெல் வாங்கினேன். வாசலில் ஒட்டுகிற பட்டன் தனி, உள்ளே பிளக்கில் செருகுகிற பெட்டி தனி. நடுவில் ஒயரே கிடையாது. பட்டனை அழுத்தினால் பெட்டி குயில் மாதிரி கூவும். ஆடித் தள்ளுபடி என்பதால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒயர் இல்லாம இன்னா பெல்லு? இது வெளங்காது" என்றார். அவரை உட்காரவைத்து ரேடியோ அலை பற்றி அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பாடம் எடுத்தது நான்.

கொஞ்ச நாளில் பெல் தானாக அடிக்க ஆரம்பித்தது.

காலையில் பால் வருகிற நேரத்தில் கூவும். ஓடிப்போய்த் திறந்தால் வாசலில் ஈ காக்கை இருக்காது. மத்தியானம் அம்மா கண்ணசந்தால் கூவும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கூவும். நான் குளியலறையில் தலைக்கு ஷாம்பு போட்டால் கட்டாயம் கூவும். அப்பா, "வோல்டேஜ்" என்றார். அவருக்கு வயிற்றுவலி வந்தாலும் வோல்டேஜ்தான் காரணம். நான், தெருவில் திரிகிற எந்தப் பொறுக்கியோ அழுத்திவிட்டு ஓடுகிறான் என்றேன். அம்மா எங்கள் இருவரையும் நம்பாமல் மல்லிகா அக்காவிடம் போனாள்.

மல்லிகா அக்கா எங்கள் பின்வீடு. எங்கள் கொல்லை மதிலும் அவள் கொல்லை மதிலும் ஒன்று. ஆனால் அவள் வாசல் பின்தெருவைப் பார்த்திருக்கும். புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவள். கேட்டுகூட அப்பா அடித்துக் கொடுத்ததுதான். எங்கள் கேட்டுக்கு அடித்த பச்சை பெயிண்ட் மிச்சம் இருந்ததால் அதையே அவளுக்கும் அடித்துவிட்டார். அம்மாவும் அவளும் மதிலுக்கு மேல் தலையை நீட்டி ஊர் விவகாரத்தை எல்லாம் முடித்துவைப்பார்கள்.

"எங்க வூட்லயும் அடிக்குதுக்கா" என்றாள் மல்லிகா அக்கா, குரலைத் தாழ்த்தி. "தெறந்தா ஆளில்ல. இது சொல்தா வேல."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மல்லிகா அக்கா வீடு கட்டிய மனை ஒரு காலத்தில் யாரோ ஒரு சொல்தாவுடைய தோட்டமாம். சண்டைக்குப் போனவர் திரும்பவில்லையாம். இப்போது தன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து முன்தெருவில் ஒருமுறை, பின்தெருவில் ஒருமுறை மணி அடிக்கிறாராம்.

நான் மதிலோரம் போய்க் கேட்டேன். "ஏங்க்கா, பேய்க்கு எதுக்கு பெல்லு? செவுத்துல பூந்து வர வேண்டியதுதானே?"

"அவுரு பிரான்சுக்காரன்கிட்ட வேல பாத்தவரு. மரியாத தெரிஞ்சவரு. கேக்காம உள்ள வருவாரா? நம்மூரு பேயின்னாதான் கேள்வி மொற இல்லாம நேரா மேல வந்து உக்காரும்."

பேயிலும் பிரெஞ்சுப் பேய் ஒசத்தி என்கிற ஊர் இது.

விஷயம் வாட்ஸ்அப்பில் ஏறியது. ஒரு நாள் சட்டையில் ஒரு மைக்கும் கையில் ஒரு மைக்குமாக ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். வினோதச் செய்திகளுக்கென்றே சேனல் வைத்திருக்கிறானாம். முந்தின வாரம்தான் இரண்டு வால் பல்லியைப் பேட்டி எடுத்திருந்தான். (பல்லி என்னைவிடப் புத்திசாலி. வாயைத் திறக்கவில்லை.) நான் திறந்தேன். கேமராவைப் பார்த்து, "பேயும் இல்ல, மண்ணும் இல்ல. எவனோ வேல வெட்டி இல்லாதவன் அடிக்கிறான். கையில மாட்டட்டும், அன்னிக்கி இருக்கு அவனுக்கு" என்றேன். அவன் அதற்கு 'பிரெஞ்சு ஆவிக்குச் சவால் விட்ட புதுவைப் பெண்' என்று தலைப்புப் போட்டு, பின்னால் நாய் ஊளையிடும் சத்தம் சேர்த்து வெளியிட்டான்.

அதை ஊரே பார்த்தது. பரவாயில்லை. செந்திலின் அம்மாவும் பார்த்தார். அங்கேதான் வினை.

செந்தில் என் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். வீடு புதுவையிலேயே கதிர்காமம். இரண்டு வருடமாக இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்து, அதை வீட்டில் யார் முதலில் சொல்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒருவழியாகச் சொன்னோம். என் வீட்டில் சரி என்றார்கள். (என் வாய்க்கு வேறு இடம் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.) அவன் அம்மா யோசிக்கிறேன் என்றிருந்தார். வீடியோவைப் பார்த்ததும் யோசனை முடிந்துவிட்டது.

"பேய் வூட்டுப் பொண்ணு வாணாம்னு சொல்றாங்க" என்றான் செந்தில் போனில்.

"பேயே இல்லன்னுதானேடா அதுல நான் கத்துறேன்?"

"அதையும்தான் சொல்றாங்க. பேயே பரவால்ல, அந்தப் பொண்ணு வாயிதான் பயமா இருக்குன்னு."

கடைசியில் அவன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி செய்தான். அவர்கள் குடும்பத்தில் எதையும் முடிவு செய்கிறவர் பெரியப்பா. அவர் வந்து வீட்டையும் பெண்ணையும் பார்க்கட்டும். அவர் சரி என்றால் அம்மாவும் சரி என்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மேல் கோர்ட் கிடையாது. "பெரியப்பா கொஞ்சம் கறாரு. வெள்ளையும் சொள்ளையுமா இருப்பாரு. எல்லாம் டைமுக்கு நடக்கணும். அன்னிக்கி ஒரு நாளு மட்டும் வாய மூடிக்கினு இரு தனம்" என்றான். அவர் என்ன வேலை பார்த்தவர் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பேய்க்கதை ஓடுகிற வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லப் பயந்திருக்கிறான், பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப்பூ, வாழை இலை எல்லாம் வந்தாயிற்று. அம்மா கேசரி கிண்டிவிட்டாள். மல்லிகா அக்கா யோசனைப்படி ஒரு பக்கெட் நிறைய மஞ்சளைக் கரைத்து, வேப்பிலை போட்டு, கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் வாசலில் தெளித்துவிட்டால் சொல்தா அன்று ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்வாராம். நான் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு, செந்திலுக்கு லொகேஷன் அனுப்பி, 'பச்சை கேட்' என்றும் எழுதிப் போட்டேன்.

பெல் கூவியது. முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு திறந்தேன். யாருமில்லை.

கதவைச் சாத்தினேன். மறுபடி கூவியது. திறந்தேன். யாருமில்லை. தெருவில் ஒரு மாடு மட்டும் என்னைப் பார்த்தது.

"வந்துட்டாருடி" என்று அம்மா சாமி அறைக்குள் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் கல்யாணத்தைத் தீர்மானிக்கிற ஆள் வருகிற நேரம். அவர் கண் முன்னால் இந்தப் பெல் ஒருமுறை அடித்தால் போதும், கதை முடிந்தது. அதற்குள் அந்தப் பொறுக்கியைப் பிடித்துவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். கைக்கு அந்தப் பக்கெட் கிடைத்தது. வெளியே படியில் ஷூ சத்தம் கேட்டது. உடனே பெல்லும் கூவியது. மாட்டினான்.

கதவை ஒரே இழுப்பாக இழுத்து, "வாடா என் சொல்தா" என்று கத்திக்கொண்டே பக்கெட்டில் இருந்ததை அப்படியே வீசினேன்.

வாசலில் ஒரு பெரியவர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைப் பேன்ட், வெள்ளைத் தொப்பி. எல்லாம் ஒரு நொடி முன்பு வரை. இப்போது தலையிலிருந்து கால்வரை மாங்காய்ச் சாதம். கோட்டில் வரிசையாகக் குத்தியிருந்த மெடல்களில் ஒன்றில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அவர் அசையவில்லை. மீசையிலிருந்து சொட்டியதைத் துடைக்கவும் இல்லை.

"சொல்தாதான்மா" என்றார் நிதானமாக. "ஆனா பெல்ல நான் இன்னும் தொடவே இல்லியே."

அவர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். ஒன்றில் கைத்தடி. இன்னொன்றில் ஸ்வீட் பெட்டி. அப்போது பெல் மறுபடி கூவியது.

அவர் பட்டனைப் பார்த்தார். நான் பட்டனைப் பார்த்தேன். "மொன்தியே" என்றார். கடவுளே என்று அர்த்தம். அம்மா உள்ளேயிருந்து அதைக் கேட்டாள். ஆவி பிரெஞ்சு பேசுகிறது என்று முடிவு செய்து சத்தமாகக் கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்தாள்.

என் போன் அடித்தது. செந்தில்.

"எவ்ளோ நேரம்டி பெல் அடிக்கிறது? அம்மா வேற வெயில்ல நிக்கிறாங்க. கதவத் தெற."

"எங்கடா நிக்கிற?"

"உங்க வூட்டு வாசல்லதான். பச்ச கேட்டு. மேப்பு இங்கதான் காட்டுச்சி. பெரியப்பா மட்டும் போன நம்ப மாட்டேன்னு டீக்கடையில எறங்கி, கிரில் பட்டறைக்காரரு வூடு எதுன்னு கேட்டுக்கினு போனாரு. வந்தாரா?"

"வந்தாரு" என்றேன். "நீ இன்னொரு தடவ அடி."

அடித்தான். போனுக்குள் ஒரு குயில் கூவியது. எங்கள் கூடத்தில் ஒரு குயில் கூவியது. ஒரே குயில்.

அந்த நொடியில்தான் முதல் வகுப்பு இயற்பியல் மூளை வேலை செய்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அந்த இலவசத்துக்குக் கலர் பேப்பர் சுற்றி, ரிப்பன் கட்டி, மல்லிகா அக்காவின் புதுமனை புகுவிழாவுக்கு மொய் வைத்தது நான்தான். இரண்டு பெல்லுக்கும் ஒரே அலை. அவள் வாசலில் பால்காரர் அழுத்தினால் எங்கள் வீட்டில் கூவும். எங்கள் வாசலில் கூரியர்காரர் அழுத்தினால் அவள் வீட்டில் கூவும். செத்துப்போன ஒரு மனுஷனை இத்தனை நாள் இரண்டு தெருவுக்கும் அலையவிட்டது நான். (மல்லிகா அக்கா வீட்டுக்குள்தான் இருந்தாள். பெல் அடித்தால் திறப்பதையே அவர்கள் நிறுத்தியிருந்தார்கள்.)

செந்திலும் அவன் அம்மாவும் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தபோது பெரியப்பா கூடத்தில் அப்பாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொடியில் மஞ்சள் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. செந்திலின் அம்மா கோட்டைப் பார்த்தார், என் கையில் இருந்த காலி பக்கெட்டைப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அதில் சந்தேகம் எதுவும் இல்லை.

அப்பாதான் இருமிவிட்டு, "வோல்டேஜ் ப்ராப்ளம்" என்றார்.

பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார். நேராக அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "எனக்குப் பேரன் பேத்தி இருக்காங்க. இந்த வயசுல எனக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி வுட்டுட்டீங்க. மஞ்சத் தண்ணி ஊத்துனா சீர் செய்யணும். எங்க சீரு?"

வயசுக்கு வந்த பெண்ணுக்குச் செய்கிற சடங்கை ஒரு பட்டாளத்துக்காரருக்குச் செய்துவிட்டோம் என்பது அப்பாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் சிரித்தது செந்திலின் அம்மாதான். சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டு, "இந்தப் பொண்ண எப்படிங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போறது?" என்று கேட்டார்.

"பேயின்னு ஊரே நடுங்குது. இது பக்கெட்ட தூக்கிக்கினு நிக்கிது" என்றார் பெரியப்பா. "உன் மவன் இருட்டுல பாத்ரூம் போவவே பயப்படுவான். ஒருத்தராவது தைரியமா இருக்கட்டும். ஆனா ஒண்ணு, உன்ன பாத்தும் பயப்படாது. யோசிச்சிக்க."

மாமியார் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி பெண் பள்ளிக்கூடம் போகிறாள்.

அன்றைக்கே எங்கள் பட்டனிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினேன். மல்லிகா அக்கா வீட்டுக்குப் போய் அவள் பட்டனையும் கழற்றினேன். காரணத்தைப் படம் போட்டு விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் தெருவில் சொன்னது இதுதான்: "தனம் மஞ்சத் தண்ணி ஊத்துனா பாரு, அன்னியோட சொல்தா போயிட்டாரு. அதுக்கப்பறம் ஒரு தடவ மணி அடிக்கல." அதற்குப் பிறகுதான் யார் வீட்டில் விளக்கு தானாக அணைந்தாலும் என்னைக் கூப்பிடுவது. நானும் திட்டிக்கொண்டே போய் ஃபியூஸைப் பார்த்துவிட்டு வருகிறேன். கைராசிக்காரி என்று தேங்காய் பழம் வேறு கொடுக்கிறார்கள்.

கோட்டில் சாயம் போகவே இல்லை. பெரியப்பா அதையே போட்டுக்கொண்டு எங்கள் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அப்பா தட்டில் வேட்டி, பழம், பூவெல்லாம் வைத்து, ஊர் பார்க்க அவருக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் போட்டோ இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள்.

பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் பிரான்சுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா அதை முடித்துவிட்டு நேராக அம்மா வீட்டுக்குத்தான் வருவார். கேட்டைத் தொட மாட்டார். படி ஏற மாட்டார். பக்கெட் எட்டாத தூரத்தில், தெரு நடுவில் நின்றுகொண்டு கைத்தடியைத் தட்டிக் கத்துவார்.

"பிரான்சுக்காரனே ஒத்துக்கினான்மா. சொல்தா உயிரோடதான் வந்திருக்கேன். தெறக்கலாமா?"