களைத்த காலுக்கான பயிற்சி

நெடுவோட்டக் கலைக்கு என்றாவது ஒருநாள் வரலாறு எழுதப்படுமானால், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் குசினியில், ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் நடந்த அந்த மாநாட்டுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும். மாநாட்டில் கலந்துகொண்டோர் மூவர். விவாதப் பொருள், தேசிக்காய்த் தண்ணிக்குச் சீனி போடுவதா இல்லையா என்பது.

"உப்பு மட்டும் போதும் அக்கா" என்றான் ஸ்ரீஸ்கந்தராசா, சப்பாத்துக் கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டியபடி.

"சீனி இல்லாமல் உதென்ன தண்ணி? ஊறுகாய்ச் சாடி கழுவின மாதிரி இருக்கும்" என்றாள் நேசமலர்.

"ஓடேக்க இனிப்பு நெஞ்சுக்குள்ள நிக்கும் அக்கா."

"உன்ர அத்தானுக்கு அப்பிடி ஒண்டும் நிக்கிறேல்லை. அவருக்கு ரெண்டு கரண்டி போட்டிட்டன்."

அத்தானாகிய நமசிவாயம் அந்த இரண்டு கரண்டியை ஆதரித்து நீண்ட உரை ஆற்றினார். இறுதியில் இரண்டு போத்தல்கள், ஒன்றில் சீனி உண்டு, மற்றதில் இல்லை என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஸ்ரீ கலந்துகொண்ட கடைசி மாநாடு அதுதான்.

நமசிவாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தலைமை எழுதுவினைஞர். நாற்பத்தைந்து வயதுவரை அவர் ஓடியதெல்லாம் காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால்தான். அதிலும் பெரும்பாலும் பஸ்தான் வென்றது. அப்படிப்பட்டவரை ஒரு "வீரர்" ஆக்கியவன் மனைவியின் தம்பி ஸ்ரீ. கொம்பியூட்டர் படித்தவன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அவர்களுடைய ஹோலில் பாய் விரித்துப் படுப்பவன். மலைநாட்டுத் தேயிலைப் பாதைகளில் ஐம்பது மைல் அல்ட்ரா மரதன் நடக்கப்போகிறது என்று இன்டர்நெட்டில் கண்டுபிடித்தவனும் அவனே.

"ஐம்பது மைலை ஒரே நாளில ஓடிப் பழகத் தேவையில்லை அத்தான்" என்று அவன் விளக்கினான். "சனிக்கிழமை நெடுக ஓடுறது. களைப்பு ஆறமுதல் ஞாயிற்றுக்கிழமையும் நெடுக ஓடுறது. அவ்வளவுதான். களைச்ச காலுக்குத்தான் கடைசி மைல் எப்பிடியிருக்கும் எண்டு விளங்கும்."

நமசிவாயம் சிலிர்த்துப்போனார். களைத்துப்போவதையே ஒரு கல்வியாக மதிக்கும் துறை உலகில் இருக்கிறது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் காப்புறுதிக் கம்பனிக்கே போயிருக்க மாட்டார்.

கொழும்பில் மலை இல்லையே என்று சிலர் கேட்கலாம். திறமைசாலிக்கு அது ஒரு தடையா? மலைக்குப் பதில் மாடிப்படி. காட்டுப் பாதைக்குப் பதில் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை. கல்லும் முள்ளும் வேண்டுமென்றால் ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களின் பக்கத்து மண்பாதை. எல்லை கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் நானாவின் தேத்தண்ணிக் கடை. அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்த வழியே திரும்புவது.

"இந்த பிளேன்டீக்கா இவ்வளவு தூரம் ஓடி வாறீங்க?" என்று ஸாலிஹ் நானா முதல் நாளே கேட்டார். "ஏன், வெள்ளவத்தையில தேயில முடிஞ்சிட்டா?"

ஆனால் உண்மையான தடை வேறு. அது யுத்தம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அந்தக் காலத்தில் கொழும்பு வீதியில் ஒரு தமிழன் நடக்கலாம், நிற்கலாம், முக்கியமாக நிறுத்தப்படலாம். ஓடுவது மட்டும் வழக்கத்தில் இல்லை.

முதல் சனிக்கிழமை, ஓட்டக் காற்சட்டைக்குப் பொக்கற் கிடையாது என்பதால், அடையாள அட்டை வைக்க நேசமலர் இடுப்புப் பட்டிக்கு உட்புறமாக ஆளுக்கொரு பை தைத்துக் கொடுத்தாள். முதல் சாவடியில் "ஐ.சி." என்று கேட்டதும் இருவரும் கடமையுணர்வோடு ஒரே நேரத்தில் இடுப்புக்குள் கை விட்டார்கள். அங்கிருந்த எல்லாத் துவக்குகளும் அவர்களை நோக்கித் திரும்பின. அட்டை வெளியே வருவதற்கு எடுத்த நேரத்தில் நமசிவாயம் தமது முழு வாழ்க்கையையும் மீளாய்வு செய்து முடித்தார்.

அன்றிலிருந்து அட்டைகள் பிளாஸ்டிக் உறையில், கழுத்தில் தொங்கின. மற்ற நாட்டு வீரர்கள் போட்டி நாளில் மட்டும்தான் நெஞ்சில் இலக்கத்தோடு ஓடுவார்கள். நம்மவர்கள் பயிற்சிக்கே இலக்கத்தோடு ஓடினார்கள். இந்தப் பெருமை வேறெந்த நாட்டுக்கும் கிடையாது.

விசாரணை சிங்களத்தில் நடந்தது. தமிழில் அது அவ்வளவு நியாயமாக ஒலிக்காது.

"யார் துரத்துறது?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப எங்க ஓடுறீங்க?"

"கொட்டாஞ்சேனைக்கு."

"அங்க என்ன விசேஷம்?"

"ஒன்றுமில்லை. போய்த் திரும்பி வருவோம்."

சிப்பாய் யோசித்தான். சந்தேகத்துக்குரிய பதில்களைப் பற்றி அவனுக்குப் பயிற்சி உண்டு. ஆனால் இதைப்போல் ஒன்று அதில் இருக்கவில்லை. தன் பெரியவரைக் கூப்பிட்டான். பெரியவர் உண்மையான அக்கறையோடு சொன்னார்: "மாத்தயா, கொட்டாஞ்சேனைக்கு பஸ் இருக்கு."

இந்நிலையில்தான் நமசிவாயம் தமது அலுவலக அனுபவத்திலிருந்து ஒரு மகத்தான கொள்கையை வகுத்தார். தினமும் மேசைக்கு வரும் கோப்பை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வழி, ஒரே மஞ்சள் பெனியன்.

"வழியை மாத்தி மாத்தி ஓடோணும் அத்தான்" என்றான் ஸ்ரீ. "இல்லாட்டி கால் பழகிப்போடும்."

"கால் பழகினால் பழகட்டும் மச்சான். முதல்ல ஆமி பழகோணும்."

கொள்கை அமோக வெற்றி பெற்றது. சிப்பாய்கள் கையசைத்தார்கள். ஒருவன் நமசிவாயத்தின் முழங்காலைப் பார்த்து ஒரு தைலம் சொன்னான். ஒருகொடவத்தைச் சாவடியில் நின்றவன் அட்டையை வாங்காமலே அவர்களுடைய இலக்கங்களைச் சொல்லிக் காட்டிச் சிரித்தான். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வளைவில் இந்த இரண்டு தமிழரும் வருவார்கள் என்று தெரியாதவர் கிடையாது. நமசிவாயம் பூரித்துப்போனார். இத்தனை பேருக்குத் தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு என்று நேசமலருக்கு விளங்கப்படுத்தினார்.

மாநாடு நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கொள்கலன் முற்றத்துப் பாதையில் ஸ்ரீ முன்னால் போனான். முந்தின நாள் ஓட்டத்தின் வலியோடு நமசிவாயம் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தார். இலக்கத் தகடு இல்லாத ஒரு வெள்ளை வான் அவரைத் தாண்டிப் போய் ஸ்ரீயின் அருகில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கதவு மூடும் சத்தம் கேட்டது. சீனி போடாத போத்தல் மட்டும் பாதையில் உருண்டது.

போத்தலைக் குனிந்து எடுத்ததும் ஓடத் தொடங்கியதும் அவருக்கு ஒன்றாகவே நடந்தன. அன்று நமசிவாயம் ஓடிய ஓட்டம் அவருடைய வாழ்நாள் சாதனை. பார்த்திருந்தால் ஸ்ரீ கைதட்டியிருப்பான். களைத்த கால்தான், ஆனாலும் பாடம் ஏறியிருந்தது. வானும் அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை. முன்னால் சாவடி இருக்கிறதே, அங்கே நிறுத்தத்தானே வேண்டும் என்று அவர் நம்பி ஓடினார்.

தடைக்கம்பு உயர்ந்தது. வான் போனது. தடைக்கம்பு இறங்கியது.

"ஐ.சி." என்றான் இலக்கங்களை மனப்பாடமாகச் சொல்லும் சிப்பாய். பிறகு வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தான். "என்ன மாத்தயா, இன்றைக்கு இவ்வளவு வேகம்? யார் துரத்துறது?"

"நான்தான் துரத்துகிறேன்."

"எதை?"

"இப்போது போன வானை."

"எந்த வான்?"

சிப்பாய் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்து, மனப்பாடமான அந்த இலக்கத்தை வெகுநேரம் வாசித்தான்.

பொலிஸில் நேசமலரும் கூட இருந்தாள்.

"காணாமல் போனவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று பதிவு செய்யும் அதிகாரி கேட்டார்.

"ஓடிக்கொண்டிருந்தவர்" என்றார் நமசிவாயம்.

"எதற்கு?"

"ஐம்பது மைல் ஓடுவதற்குப் பயிற்சி."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இன்னும் ஓடிக்கொண்டிருப்பார். ஐம்பது மைலும் முடிய வருவார்."

நேசமலர் போத்தலை மேசையில் வைத்தாள். "இது அவன்ர தண்ணி ஐயா" என்று தமிழில் சொன்னாள். "இதில்லாமல் அவன் அவ்வளவு தூரம் ஓடமாட்டான்." அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மேசை நனைகிறது என்று சைகையால் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் பயிற்சியின் அருமை முழுதாகத் தெரிந்தது. சனிக்கிழமை ஒரு பொலிஸ் நிலையம். ஆறமுதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு முகாம் வாசல். லீவு கிடைத்தால் கிழமை நாளில் ஓர் ஆணைக்குழு, ஒரு சிறைச்சாலை, கோட்டு சூட்டுப் போட்ட ஒரு கனவானின் வீட்டு விறாந்தை. நேசமலர் ஒரு நாளும் பயிற்சி எடுக்காதவள். ரப்பர் செருப்போடு அவள் கணவனுக்கு முன்னால் போனாள். எல்லா இடத்திலும் உட்காரக் கதிரை கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். போனார்கள். அதற்கடுத்த மாதமும் போனார்கள்.

மலைநாட்டு அல்ட்ரா மரதன் குறித்த நாளில் நடந்தேறியது. வென்றவர் நாடாவை நெஞ்சால் அறுக்கும் படம் பத்திரிகையில் வந்தது. நமசிவாயம் அனுபவசாலியின் கண்ணோடு அதைப் பார்த்தார். ஏற்பாடெல்லாம் திறம்தான். ஒரேயொரு குறை, அந்த ஓட்டத்துக்கு முடிவுக்கோடு இருந்தது.

பிறகு யுத்தமும் முடிந்தது. சாவடிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டில் யாரும் குறை காண முடியாது என்று நமசிவாயம் எங்கேயும் சாட்சி சொல்வார். அரைக் காற்சட்டையோடு பிளேன்டீ குடிக்கப் போன இரண்டு பேரை ஒவ்வொரு சந்தியிலும் தவறாமல் நிறுத்தினார்கள். நிறுத்தாமல் விட்டது ஒரு வானை மட்டும்தான்.

சனி ஞாயிறுகளில் நேசமலர் இன்னும் விடியப்புறம் எழும்பித் தேசிக்காய் பிழிகிறாள். போத்தல் இரண்டு. ஒன்றுக்குச் சீனி போடுவதில்லை.