மத்தியானத் தூக்கமும் பச்சைக் கம்பளி நூலும்

கொதிக்கிற எண்ணெயில் ஒரு படி சில்வண்டுகளை உயிரோடு கொட்டினால் என்ன சத்தம் வருமோ, அந்தச் சத்தம். எண்பத்தாறாம் வருடம் ஐப்பசி மழையில், கொடைக்கானலில் மிஷன் பள்ளிக்குக் கீழே இருக்கும் சரிவில், டைப்பிஸ்ட் பவுல்ராஜ் வீட்டிலிருந்து அது முதல்முதலாகக் கேட்டது. பேரிக்காய் மரத்தடியில் கட்டியிருந்த மட்டக்குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடியது. பக்கத்து வீட்டு அடைக்கலமேரி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னா சத்தம் மதினி? அண்ணனுக்குக் கால் வலி முத்திருச்சா?"

"அவரு இல்ல. கம்ப்யூட்டரு" என்றாள் சகாயராணி.

அந்தக் காலத்துச் சின்னக் கம்ப்யூட்டர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது பாட்டு கேசட்தான். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓட விட்டால் அது ஐந்து நிமிஷம் கத்தும். கத்தி முடித்ததும் டிவிப் பெட்டியில் எழுத்து வரும். கேசட் கத்துகிறதே என்று பயந்து நிறுத்தினால், மறுபடி முதலிலிருந்து கத்த வேண்டும். பவுல்ராஜ் அன்றைக்கு மூன்று தடவை பயந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் ஜெர்மனியிலிருந்து ஒரு நல்ல மனிதர் பள்ளிக்கு அனுப்பியது. மலைப்பாதையில் மண் சரிந்ததால் பெருமாள்மலையிலேயே இறக்கிவிட்டார்கள். பவுல்ராஜ் ஜீப்பில் போய்த் தூக்கி வந்தார். ரோட்டிலிருந்து பள்ளி ஆபீஸுக்கு முப்பத்தொன்பது படி இறங்க வேண்டும். வாட்ச்மேன் கை கொடுக்க வந்தபோது, "தொடாத! இது முப்பது வருஷம் மிஷின் தொட்ட கை தூக்க வேண்டிய பொருள்" என்று விலக்கினார். முப்பத்தெட்டுப் படி அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கடைசிப் படியில் பாசி அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

விழுந்தபோதும் பெட்டியை விடவில்லை. பெட்டியில் ஒரு கீறல் இல்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு.

தாளாளர் ஃபாதர் மரியசூசை ஆஸ்பத்திரிக்கு வந்து, மாவுக்கட்டின் மேல் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார்.

"ஆறு வாரம் ரெஸ்ட்டுன்னு டாக்டர் சொல்றாரு. பெட்டியை உங்க வீட்டுக்கே அனுப்பிடுறேன், பவுல்ராஜ். உக்காந்தே படிச்சுக்கங்க. டிசம்பர் ஒண்ணாந்தேதி வந்து பாப்பேன். ஒன்பதாம் கிளாஸ் காலாண்டு மார்க்கை அது கூட்டி ரேங்க் போட்டுக் காட்டணும்."

"காட்டும், சாமி."

"முடியலைன்னாலும் ஒண்ணும் இல்ல. மதுரையில கம்ப்யூட்டர் படிச்ச தம்பி ஒருத்தர் இருக்காரு. அவரை ஆபீஸ்ல போட்டுட்டு, உங்களை லைப்ரரிக்கு மாத்திருவோம்."

பவுல்ராஜுக்குக் காலைவிட இது வலித்தது. அந்தப் பள்ளியில் லைப்ரரி என்பது மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை. ஜன்னல் கிடையாது. அதற்குள் அனுப்பப்பட்ட இரண்டு பேரும் ரிடையர் ஆகித்தான் வெளியே வந்தார்கள். ஆபீஸ் ஜன்னலோ ஏரியைப் பார்த்த ஜன்னல். மூடுபனி ஏறி வருவதையும் இறங்கிப் போவதையும் முப்பது வருடமாக அதன் வழியேதான் அவர் பார்த்து வந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டரை வருடம் இருந்தது.

'என் கால் நடக்கிறதுக்குள்ள இந்தப் பெட்டி நடக்கும்' என்று சபதம் எடுத்தார்.

வீட்டின் முன்னறையில் மேஜை போட்டாயிற்று. கால் ஒரு ஸ்டூலில், கம்ப்யூட்டர் மேஜையில். செருப்போடு யாரும் வரக்கூடாது. தும்மக்கூடாது. தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். ஈரம் ஏறாமல் இருக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் கரி அடுப்புக் கணப்பு. பவுல்ராஜுக்குப் போர்வை மட்டும்.

"ஏங்க, நான் இந்த ஜன்னலோரம் உக்காந்து பின்னிக்கிறேன். வெளிச்சம் இங்கதான் நல்லாருக்கு."

"உக்காரு. ஆனா இந்தப் பக்கம் திரும்பப்படாது."

"நான் திரும்புனா அது வெக்கப்படுமா?"

"ஏ சகாயம், இது மூளை சம்பந்தப்பட்ட சோலி. உனக்குப் புரியாது."

"சரிங்க" என்றாள் சகாயராணி.

அவளுடைய 'சரிங்க' அப்படித்தான். அதில் மேடும் இருக்காது, பள்ளமும் இருக்காது. கல்யாணமான வருடம் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "எனக்கும் டைப் சொல்லித் தர்றீங்களா?" எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், ஆசைப்பட்டாள். "உன் விரல் ஸ்வெட்டர் பின்னுற விரல். டைப் அடிச்சா பின்னல் கண்ணி மறந்துரும்" என்றார் பவுல்ராஜ். "சரிங்க" என்றாள். கன்னியர் மடத்துப் பின்னல் கூடத்துக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கப் போனாள். இருபத்தேழு வருடம் ஆயிற்று. சீசனுக்கு வந்து குளிரில் நடுங்கியவர்களில் பாதிப்பேர் அவள் பின்னியதைப் போட்டுக்கொண்டுதான் மலை இறங்கினார்கள்.

கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தில் உள்ளபடி பவுல்ராஜ் அடித்தார். வேகம் நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை, புயல்தான். திரையில் ஒரே ஒரு சொல் வந்தது: 'மிஸ்டேக்'. மறுபடி அடித்தார். 'மிஸ்டேக்'. மாவுக்கட்டுக்குள் அரிப்பு எடுத்தது. பின்னல் ஊசி ஒன்றை வாங்கிச் சொறிந்துகொண்டு மறுபடி அடித்தார். 'மிஸ்டேக்'. முப்பது வருடத்தில் மூன்று தாளாளர்கள் மாறியிருந்தார்கள். ஒருவர்கூட அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை.

கால் பார்க்க வந்தவர்கள் காலைப் பார்க்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்தார்கள்.

"ஏண்ணே, அது என்னமோ எழுதுதே, என்னண்ணே?" என்றாள் அடைக்கலமேரி.

"அதுவா? வணக்கம் சொல்லுது."

"எனக்கா?" என்று அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. அப்புறம் ஒரு அதிசயம் நடந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வலி மாத்திரை போட்டால் பவுல்ராஜ் அதே அறையில் கட்டிலில் இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டதுபோலத் தூங்குவார். ஒருநாள் தூங்கி எழுந்து, காலையில் அடித்ததைச் சலிப்போடு ஓடவிட்டார். 'மிஸ்டேக்' வரவில்லை. ஒன்பதாம் கிளாஸ் பெயர்கள் வரிசையாக ஓடின. மறுநாள் காலை மார்க்கைக் கூட்டச் சொல்லி அடித்தார்; முரண்டு பிடித்தது. மத்தியானம் தூங்கி எழுந்தார், கூட்டியிருந்தது.

"பாத்தியா, சகாயம்? மிஷினுக்கும் ஓய்வு வேணும். காலையில மக்கர் பண்ணும். மத்தியானம் சும்மா விட்டா, தானே யோசிச்சுச் சரிபண்ணிக்கும்."

"உங்களை மாதிரியே" என்றாள் அவள், ஊசியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அந்தோணியாருக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

நவம்பர் நடுவில் ஒருநாள், கம்ப்யூட்டரின் எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததை எடுத்துப் பார்த்தார். இரண்டு விரற்கடை நீளத்தில் பச்சைக் கம்பளி நூல்.

ஜன்னலோரம் சகாயராணி பின்னிக்கொண்டிருந்ததும் பச்சைதான். விநோதமான ஸ்வெட்டர். சதுரமாக இருந்தது.

"யாருக்கு இது? கையே வைக்கலியே?"

"கை இல்லாத ஒருத்தருக்கு."

அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் மனம் நூலில் இருந்தது. அன்று மத்தியானம் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பிறகு துப்பிவிட்டு, குறட்டை விட்டார். ஒரு கண்ணைக் கீறல் அளவுக்குத் திறந்து வைத்தார்.

சகாயராணி எழுந்தாள். சத்தமில்லாமல் நடந்து வந்தாள். மேஜைமுன் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் புத்தகத்துக்குப் பக்கத்தில் தன் பின்னல் புத்தகத்தையும் விரித்து வைத்தாள். வரிமேல் விரல் வைத்து, வரி எண்களை உதட்டுக்குள் படித்தாள். "பத்து… இருபது… இங்க ஒரு கண்ணி விட்டுப்போச்சு" என்று முணுமுணுத்தாள். பவுல்ராஜ் அடித்த ஒன்று, பூஜ்யம் எல்லாவற்றையும் அழித்தாள். மேல் வரிசைக்கு விரலைக் கொண்டுபோய், அங்கே இருந்த ஒன்றையும் பூஜ்யத்தையும் அமுக்கினாள்.

பவுல்ராஜின் குறட்டை ஒரு கணம் நின்றே போயிற்று.

அவர் ஆபீஸில் முப்பது வருடமாக அடித்த பழைய டைப்ரைட்டரில் ஒன்று என்ற கட்டையும் கிடையாது, பூஜ்யமும் கிடையாது. ஒன்றுக்கு ஆங்கிலச் சின்ன 'எல்' அடிப்பார்கள். பூஜ்யத்துக்குப் பெரிய 'ஓ'. காகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவர் விரல்கள் இங்கேயும் அப்படியே போயிருந்தன. எண் வேண்டும் என்று நின்ற மிஷினுக்கு மூன்று வாரமாக எழுத்தை ஊட்டியிருக்கிறார்.

வெட்கம் வந்தது. ஐந்து நிமிஷம் இருந்தது. பிறகு அது போய், மூளை வந்தது.

அவளுக்கு அவருடைய வேலை தெரிந்துவிட்டது, சரி. ஆனால் அது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாதே! தெரியாமலே இருக்கட்டும். அவள் பாட்டுக்குச் செய்யட்டும். ஒன்றாந்தேதி ஃபாதர் முன்னால் கட்டையைத் தட்டப்போவது யார்? ஏரி ஜன்னல் யாருக்கு? பவுல்ராஜ் போர்வைக்குள் சிரித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் சத்தமாகப் புலம்ப ஆரம்பித்தார்.

"எல்லாம் வந்துருச்சு. ரேங்க் மட்டும் வரிசையா நிக்க மாட்டேங்குதே! அந்தோணியாரே, நாளைக்குள்ள இது வந்தாத் தேவல. சகாயம், எனக்குத் தூக்கமா வருது."

"தூங்குங்க."

மறுநாள் ரேங்க் வரிசையாக நின்றது. "பேர் கொஞ்சம் தள்ளி வந்தாப் பாக்க லட்சணமா இருக்கும்" என்று இன்னொருநாள் கொட்டாவி விட்டார். லட்சணமாக வந்தது. இருபத்தேழு வருட வாழ்க்கையில் பெண்டாட்டி இவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை என்று பூரித்துப்போனார்.

டிசம்பர் ஒன்றாந்தேதி. மழை விட்டு, பனி மட்டும் ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபாதர் மரியசூசை செருப்பை வாசலில் விட்டு வந்தார். அடைக்கலமேரி காதில் பஞ்சோடு வந்தாள். பவுல்ராஜ் கோட்டு போட்டிருந்தார். கீழே ஒரு காலில் பேன்ட், ஒரு காலில் மாவுக்கட்டு. சகாயராணி காப்பி போட உள்ளே போனாள்.

கேசட் கத்தியது. இந்தத் தடவை பவுல்ராஜ் பயப்படவில்லை. திரை விழித்தது. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க், மூன்றாம் ரேங்க்… பெயர், மொத்தம், எல்லாம் ரிப்பன் கட்டிய பிள்ளைகள்போல அழகாக வந்து நின்றன.

"அடடே!" என்றார் ஃபாதர். "பவுல்ராஜ்! இது நீங்களேவா?"

"ஆறு வாரத் தவம், சாமி."

பத்தாவது ரேங்க்கோடு திரை நின்றது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஃபாதர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'மேற்கொண்டு பார்க்க, சகாயராணியைக் கேட்கவும்.'"

ஃபாதர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"அது ஒண்ணுமில்ல, சாமி" என்றார் பவுல்ராஜ். "புரோகிராம்ல வீட்டுக்காரி பேரை வைக்கிறது… ஒரு பாசம்."

"நல்ல பழக்கம். சரி, மேற்கொண்டு அமுக்குங்க."

அமுக்கினார். அதே வரி. வேறொன்றை அமுக்கினார். அதே வரி. பத்து விரலாலும் அமுக்கினார். அவர் அமுக்க அமுக்கச் சகாயராணியின் பெயர் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏ சகாயம்…"

"காப்பி கொதிக்குதுங்க."

"காப்பி கெடக்கட்டும். வெரசா இங்க வா."

"நான் எதுக்குங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. "அது மூளை சம்பந்தப்பட்ட சோலியாச்சே."

ஃபாதர் மெதுவாகத் திரும்பிப் பவுல்ராஜைப் பார்த்தார். அடைக்கலமேரி காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

சகாயராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே நான்கு கட்டையைத் தட்டினாள். பதினொன்றாம் ரேங்க் வந்தது. நாற்பத்திரண்டாவது ரேங்க் வரை நிற்காமல் வந்தது.

"எங்க படிச்சீங்கம்மா இதை?" என்று கேட்டார் ஃபாதர்.

"பின்னல் புத்தகத்துல இருக்கிறதுதான், சாமி. ரெண்டு கண்ணி நேரா, ரெண்டு கண்ணி திருப்பி, வரிசை முடியிறவரைக்கும் இதையே திரும்பச் செய்யின்னு போட்டிருக்கும். இதுலயும் அதைத்தான் போட்டிருக்காங்க. என்ன, இது அவுந்துபோனா நூல் வீணாகாது."

"டைப் அடிக்கத் தெரியுமா?"

சகாயராணி பவுல்ராஜைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். "ஒருதரம் கேட்டேன், சாமி. அப்பத் தோதுப்படல."

ஃபாதர் போன பிறகு பவுல்ராஜ் கேட்டார்.

"எனக்குத் தெரியும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நெசமாத் தூங்குனா நீங்க குறட்டைக்கு நடுவுல ஒரு விசில் அடிப்பீங்க" என்றாள் சகாயராணி. "ரெண்டு வாரமா விசில் வரல."

ஜன்னலோரம் இருந்த அந்தச் சதுரமான பச்சை ஸ்வெட்டரை எடுத்து வந்து, கம்ப்யூட்டருக்கு மாட்டிவிட்டாள். அளவு கச்சிதமாக இருந்தது.

எண்பத்தேழு ஜனவரியில் சகாயராணி பள்ளி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏரி ஜன்னல் அவளுக்கு வந்தது. மதுரைத் தம்பி வரவில்லை. பவுல்ராஜை லைப்ரரிக்கு அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. ஈரநாளில் கொஞ்சம் இழுக்கும் அந்தக் காலோடு அவர் எண்பத்தொன்பது மே மாதம் ஓய்வு பெற்றார். அதுவரை தினமும் காலையில் கம்ப்யூட்டரின் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைப்பதும், சாயங்காலம் மறுபடி மாட்டிவிடுவதும் அவருடைய வேலையாக இருந்தது.