உரிய வழியாக ஒரு நீர்மட்டம்

குடிநீர் அலுவலகத்தில் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. மின்சார அலுவலகத்துக்காரர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருப்பதாகவும், அதில் எண்கள் தாமாகவே மாறுவதாகவும் கேள்விப்பட்ட கண்காணிப்பாளருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கம்ப்யூட்டரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

இரண்டே நாளில் முடித்துவிட்டாள். தெருத் தொட்டிகளில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஏற்கெனவே இருந்தது. அந்த அளவைக் கேட்டவருக்குக் கொடுக்க இணையச் சேவை ஒன்றும் இருந்தது, கேட்கத்தான் நாதியில்லை. இணையப் பக்கம் செய்ய உதவும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் டூல்கிட்டை எடுத்து அவள் பத்து வரி எழுதினாள். யார் தங்கள் பிரவுசரில் பக்கத்தைத் திறந்தாலும், அது நேரே சேவையிடம் போய் அந்த நிமிடத்து அளவை வாங்கிவந்து காட்டியது. அவள் தெருவுக்குப் பதினொரு சதவீதம் என்றது. அது சரிதான் என்று அவளுக்குக் காலையில் குளிக்கும்போதே தெரியும்.

கண்காணிப்பாளர் பக்கத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"தொட்டியில இருந்து நேரா ஜனங்களுக்குத் தகவல் போகுதா?"

"ஆமா சார்."

"நடுவுல நாம எங்கம்மா இருக்கோம்?"

உடனே ஓர் அலுவலகக் குறிப்பு எழுதப்பட்டது. மேற்படி நீர்மட்டமானது உரிய வழியாக அன்றித் தன்னிச்சையாகப் பொதுமக்களைச் சென்றடைவது விதிகளுக்கு முரணானது என்றும், இனி பிரவுசர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கண்காணிப்பாளர் மேசைக்கு வந்து, அவர் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்திய பின்னரே விடை அனுப்பப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. டூல்கிட்டில் அதற்கும் வழி இருந்தது. செய்து கொடுத்தாள்.

முதல் நாள் பதினொரு மணிக்குள் நாலாயிரம் கேள்விகள் வந்தன. கண்காணிப்பாளர் மூச்சுவிடாமல் அழுத்தினார். மதியம் ஆள்காட்டி விரல் வீங்கியது, கட்டைவிரலுக்கு மாறினார். மூன்றாம் நாள் இரண்டு கையிலும் கட்டு. திங்கட்கிழமை அளவு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது.

அவருடைய விரல்களைக் காப்பாற்ற ஒரு குழு கூடியது. தினம் ஆயிரக்கணக்கில் எண்களை அனுமதிப்பதைவிட, நல்ல எண் ஒன்றை ஒரே தடவையில் அனுமதித்துவிட்டால் என்ன என்று கேட்டார் ஓர் உறுப்பினர். குழு அவரைப் பக்தியோடு பார்த்தது. நூறு என்று வைக்கலாம் என்றார்கள்.

"நூறுன்னா சந்தேகப்படுவாங்க. தொண்ணூத்தி நாலு வைங்க, அதுல ஒரு நேர்மை தெரியுது," என்றார் கண்காணிப்பாளர். "தெருவுக்குத் தெரு ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சுக்கம்மா."

"தொட்டி காலியா இருந்தா, சார்?"

"அது தொட்டியோட பிரச்சினை."

அவள் தன் தெருவுக்குத் தொண்ணூற்று நாலும், அடுத்த தெருவுக்குத் தொண்ணூற்றாறும் தட்டினாள். பக்கம் மின்னல் வேகத்தில் திறந்தது. பாராட்டுக் கடிதம் வந்தது. தொட்டிகள் எல்லாம் நிரம்பி வழிவதை இணையப் பக்கத்தில் கண்ட லாரிப் பிரிவு, தண்ணீர் லாரிகளை நிறுத்திவிட்டது.

அடுத்த வாரம் அவள் வீட்டுக் குழாய் காற்று விட்டது. புகார் பக்கத்தைத் திறந்து எழுதினாள். 'தங்கள் தெருவில் 94 சதவீதம் நீர் இருப்பதால் தங்கள் புகார் ஏற்கப்படவில்லை. நன்றி' என்று பதில் வந்தது. அந்தப் பக்கமும் அவள் எழுதியதுதான். புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு, உன்னையே தெரியலையா அதுக்கு என்று மட்டும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே குடங்களோடு கிளம்பியது, போனில் தொண்ணூற்றாறு காட்டிய அடுத்த தெருவை நோக்கி. முனை திரும்பியதும் எதிரே ஒரு கூட்டம். அடுத்த தெருக்காரர்கள், அவர்கள் கையிலும் காலிக் குடம்.

"எங்க தெருவுல சொட்டுத் தண்ணி இல்லைங்க," என்றார்கள் அவர்கள். இவர்களும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு கூட்டமும் போனை எடுத்து மற்றவர் தெருவின் எண்ணைப் பார்த்தது. குடிக்கிற தண்ணீரில் போய் இப்படிப் பொய் சொல்கிறார்களே என்று ஒருவரையொருவர் முறைத்துவிட்டு, விலகி, மற்றவர் தெருவை நோக்கியே நடந்தார்கள்.

கம்ப்யூட்டரம்மா மட்டும் நின்றாள். இரண்டு எண்ணும் அவள் விரல் தட்டியவை. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று தன் போனிலும் அடுத்த தெருவின் எண்ணை ஒரு தடவை பார்த்தாள். தொண்ணூற்றாறு.

முன்னால் போகிறவர்கள் வரிசையில் இடம் பிடித்துவிடப் போகிறார்களே என்று, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.